போர்தான் வருமானம்: நெப்போலியன் எழுந்ததும் விழுந்ததும்

1793 ஜனவரியில் பிரெஞ்சு மக்களின் பெயரால் மன்னர் பதினாறாம் லூயியின் தலை வெட்டப்பட்டது. 1804 டிசம்பரில் அதே பாரிஸில் ஒரு பீரங்கிப்படை அதிகாரி பேரரசராக முடிசூட்டிக்கொண்டார். இடையில் பன்னிரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அடுத்த பத்து ஆண்டில் அவரும் பதவி இழந்தார்.

எந்த நாட்டிலாவது மக்கள் எழுச்சி ஒரு ஜெனரலின் கையில் போய் முடிந்தால், செய்திகளில் நெப்போலியன் பெயர் உடனே அடிபடும். ஆனால் அவர் கதை பெரும்பாலும் இரண்டு வரியில் சொல்லப்படுகிறது: மகா திறமைசாலி, அதனால் எழுந்தார், பேராசைக்காரர், ரஷ்யக் குளிரில் மாட்டி விழுந்தார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் திறமையும் பேராசையும் உள்ள தளபதிகள் அன்றைய பிரான்சில் ஏராளம். அவர்களில் ஒருவர் மட்டும் ஏன் நாட்டையே பிடித்தார், அப்புறம் ஏன் அதைத் தக்கவைக்க முடியவில்லை என்பதற்கு விடை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பட்டாளத்துக்குச் சோறு போட்டது யார், சம்பளம் கொடுத்தது யார் என்று கேட்டுக்கொண்டே போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

புரட்சி ராணுவத்துக்கு என்ன செய்தது?

புரட்சியே ஒரு கடன் நெருக்கடியில்தான் தொடங்கியது. அரசின் கஜானா காலி. வரி போட வழி தேடி மன்னர் 1789 மே மாதம் பிரதிநிதிகள் சபையைக் கூட்டினார். சபை கைமீறிப் போனது. ஜூலை 14-ல் பாஸ்டில் கோட்டை விழுந்தது. இந்தப் பகுதி பலருக்கும் தெரியும். நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு ராணுவத்தில் நடந்த மூன்று மாற்றங்கள்.

1. நாற்காலிகள் காலியாயின. பழைய ராணுவத்தில் அதிகாரி ஆவதற்குப் பெரும்பாலும் பிரபு குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும். புரட்சிக்குப் பயந்து அப்படிப்பட்ட அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் நாட்டைவிட்டு ஓடினார்கள். முப்பது வயதுக்குள் ஜெனரல் ஆவது சாதாரண விஷயமாகிவிட்டது.

2. ஆள் குவிந்தது. 1792 ஏப்ரலில் பிரான்ஸ் ஆஸ்திரியா மீது போர் அறிவித்தது. சீக்கிரமே பிரிட்டன், ஸ்பெயின் உட்பட ஐரோப்பாவில் பாதி எதிரே நின்றது. 1793 ஆகஸ்ட் 23-ல் நாட்டின் மொத்த ஆண்களையும் போருக்குக் கடமைப்பட்டவர்களாக்கும் ஆணை வந்தது. அரசர்கள் கூலிக்குப் பிடித்த சிறு படைகளை வைத்திருந்த காலத்தில், பிரான்ஸ் லட்சக்கணக்கில் ஆள் திரட்டியது. 1798-ல் இது நிரந்தரச் சட்டமானது: 20 முதல் 25 வயது வரையுள்ள ஆண்கள் எல்லாரும் பட்டியலில். கட்டாய ஆள்சேர்ப்பு என்று நாம் சொல்வது இதைத்தான்.

3. பணம் செத்தது. தேவாலய நிலங்களைப் பறிமுதல் செய்த அரசு, அவற்றை ஈடாக வைத்து 'அசிஞா' என்ற காகிதப் பணத்தை அச்சடித்தது. போர்ச் செலவு ஏற ஏற அச்சும் ஏறியது. கடைசியில் நூறு பிராங்க் தாளுக்கு ஒரு பிராங்க் மதிப்புகூட இல்லை. 1796 பிப்ரவரியில் அச்சுத் தகடுகளைப் பாரிஸின் நடுவில் பொதுமக்கள் பார்க்க அழித்தார்கள்.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய படை, இளம் தளபதிகள், அவர்களுக்குக் கொடுக்கக் காசில்லாத அரசு. இப்படிப்பட்ட அரசுக்குத் தன் படையை எல்லைக்கு வெளியே தள்ளி, அந்த ஊர்க்காரன் செலவில் வாழச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

கோர்சிகாவிலிருந்து வந்தவர்

நெப்போலியன் போனபார்ட் பிறந்தது 1769 ஆகஸ்ட் 15-ல், கோர்சிகா தீவின் அஜாக்ஸியோ நகரில். அந்தத் தீவை ஜெனோவா பிரான்சுக்குக் கைமாற்றி ஓராண்டுதான் ஆகியிருந்தது. சிறு பிரபு குடும்பம், வசதி குறைவு. ராணுவப் பள்ளியில் படித்து 16 வயதில் பீரங்கிப்படையில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். பழைய ஆட்சி நீடித்திருந்தால் கேப்டனாகவோ மேஜராகவோ ஓய்வுபெற்றிருப்பார்.

1793 இறுதியில் தூலோன் துறைமுகத்தைப் பிரிட்டிஷாரிடமிருந்து மீட்டதில் அவருடைய பீரங்கி வைப்பு கைகொடுத்தது. 24 வயதில் பிரிகேடியர் ஜெனரல். மறு ஆண்டு புரட்சி அரசின் தீவிரத் தலைவர் ரோபஸ்பியர் வீழ்ந்தபோது, அவர் ஆட்களோடு பழகிய குற்றத்துக்காகச் சில நாள் காவலிலும் இருந்தார். 1795 அக்டோபர் 5-ல் பாரிஸில் மன்னர் ஆதரவாளர்கள் கலகம் செய்து ஆட்சிமன்றத்தை நோக்கி வந்தார்கள். அதை அடக்கும் பொறுப்பு பாரா என்ற அரசியல்வாதியிடம் இருந்தது. அவர் நெப்போலியனைக் கூப்பிட்டார். தெருவில் பீரங்கி முழங்கியது; கலகம் அடங்கியது.

புரட்சி அரசு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பட்டாளத்தைத் தலைநகரத் தெருவில் இறக்கிய அந்த நாள், தூலோன் வெற்றியைவிட முக்கியமானது என்பது என் கணிப்பு. யார் யாரை நம்பி இருக்கிறார்கள் என்பது அன்று இரண்டு தரப்புக்கும் புரிந்துவிட்டது.

டைரக்டரி: தன் தேர்தலைத் தானே ரத்து செய்த ஆட்சி

அந்தக் கலகத்துக்குப் பிறகு வந்த ஆட்சியின் பெயர் டைரக்டரி. ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழு, கீழே இரண்டு சபைகள். ஒரு தனி மனிதர் கையில் மீண்டும் அதிகாரம் போய்விடக் கூடாது என்பதற்காகவே அதிகாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைத்த ஏற்பாடு.

தேர்தல் வைத்தால் ஒரு முறை மன்னர் ஆதரவாளர்கள் ஜெயித்தார்கள், மறு முறை தீவிர இடதுசாரிகள். டைரக்டரி இரண்டையும் ஏற்கவில்லை. 1797 செப்டம்பரில் படையைக் கொண்டுவந்து நிறுத்தித் தேர்தல் முடிவுகளில் பெரும்பகுதியை ரத்து செய்தது. அதற்கு ஆள் அனுப்பி உதவியவர் இத்தாலியில் இருந்த நெப்போலியன். தன் துணைத் தளபதி ஒஜ்ரோவை அனுப்பிவிட்டு, தான் கை நனையாமல் தள்ளி நின்றார். 1798-ல் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களை வெளியேற்றினார்கள். அதே காலத்தில் அரசுக் கடனில் மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பித் தர முடியாது என்றும் கைவிரித்தார்கள். வாக்குப் போட்டவனுக்கும் நம்பிக்கை போயிற்று, கடன் கொடுத்தவனுக்கும் போயிற்று.

இத்தாலி: அரசுக்குச் சம்பளம் கொடுத்த தளபதி

1796 மார்ச்சில் இத்தாலியப் படைக்குத் தலைமை ஏற்றபோது நெப்போலியனுக்கு 26 வயது. கையில் கிடைத்தது செருப்புகூட ஒழுங்காக இல்லாத, மாதக்கணக்கில் சம்பளம் பார்க்காத சுமார் 40,000 பேர். ஆஸ்திரியாவுக்கு எதிரான முக்கியப் போர் ஜெர்மனியில் நடப்பதாகத் திட்டம். இத்தாலி ஓர் ஓரத்துக் களம்.

ஓராண்டில் லோடி, ஆர்கோலா, ரிவோலி என வரிசையாக வெற்றிகள். போர் முறையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது, ஜெயித்த ஊர்களில் அவர் என்ன செய்தார் என்பது.

முதலில் தண்டல். மிலானைப் பிடித்ததும் அதைச் சுற்றியுள்ள லோம்பார்டி பகுதி மீது 20 மில்லியன் பிராங்க் விதித்தார். தன் சிப்பாய்களின் சம்பளத்தில் பாதியை நாணயமாகவே கொடுத்தார். செல்லாத காகிதத்தைப் பார்த்துச் சலித்தவன் கையில் வெள்ளிக்காசு விழுந்தால் அவன் யாருக்கு விசுவாசமாக இருப்பான்? பாரிஸுக்கா, மிலானில் இருக்கும் தளபதிக்கா?

மீதியைப் பாரிஸுக்கு அனுப்பினார். கூடவே வண்டி வண்டியாக ஓவியங்களும் சிற்பங்களும் போயின. வெனிஸ் நகரின் புனித மாற்கு தேவாலய முகப்பில் நின்ற நான்கு வெண்கலக் குதிரைகளும் அப்படித்தான் 1797-ல் இறக்கப்பட்டுப் பாரிஸ் போய்ச் சேர்ந்தன. திவாலான டைரக்டரிக்கு இது உயிர்த்தண்ணீர். படைக்கு அரசு படி அளக்க வேண்டியது வழக்கம். இங்கே தளபதி அரசுக்குப் படி அளந்தார். பணம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்தான் அதிகாரமும் இருக்கும். ஆகவே ஆஸ்திரியாவோடு சமாதானம் பேசும்போது பாரிஸின் உத்தரவுக்கு அவர் காத்திருக்கவில்லை. 1797 அக்டோபரில் காம்போ ஃபோர்மியோ உடன்படிக்கையில் தானே கையெழுத்திட்டார். சுமார் ஆயிரம் ஆண்டு நீடித்த வெனிஸ் குடியரசை முடித்துவைத்து, அதன் பெரும்பகுதியை ஆஸ்திரியாவுக்குத் தூக்கிக் கொடுத்ததும் அதில்தான்.

படைக்கென்றே பத்திரிகைகளும் நடத்தினார். அவை பாரிஸிலும் வாசிக்கப்பட்டன. வெற்றி பெறுவது ஒரு வேலை, அதை ஊருக்குச் சொல்வது இன்னொரு வேலை என்பதை மற்ற தளபதிகளுக்கு முன்பே அவர் புரிந்துகொண்டிருந்தார்.

எகிப்து, திப்பு, ஒரு கடிதம்

1798-ல் எகிப்துக்குப் போனார். பிரிட்டனின் இந்தியப் பாதையை மறிப்பது ஒரு நோக்கம். பிரபலமான தளபதி தூரமாக இருந்தால் நல்லது என்று டைரக்டரியும் நினைத்தது. ஆகஸ்ட் முதல் நாள் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் பிரெஞ்சுக் கப்பல்படையை அபூகிர் விரிகுடாவில் நொறுக்கியதால் படை அங்கேயே சிக்கியது.

1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து திப்பு சுல்தானுக்கு உதவி வாக்களித்து ஒரு கடிதம் எழுதினார். அது வழியிலேயே பிரிட்டிஷார் கையில் சிக்கியது. மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார். அந்த முற்றுகையில் இருந்த ஆர்தர் வெல்லஸ்லி என்ற கர்னலைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பின்னால் வருவார்.

ஆகஸ்டில் படையை எகிப்திலேயே விட்டுவிட்டு நெப்போலியன் ரகசியமாகக் கப்பலேறினார். வேறொருவர் செய்திருந்தால் ராணுவ நீதிமன்றம்தான். அக்டோபரில் அவர் கரையிறங்கியபோது மக்கள் வரவேற்றார்கள். எகிப்துத் தோல்வியின் முழுக் கதை அப்போது அவர்களை எட்டியிருக்கவில்லை.

ப்ரூமேர்: இரண்டு நாள்

ஆட்சிக்கவிழ்ப்பு என்பது வெளியிலிருந்து வரும் தாக்குதல் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது உள்ளே இருப்பவர்கள் திறந்துவிடும் கதவு. 1799-ல் கதவைத் திறந்தவர் டைரக்டரியின் ஐவரில் ஒருவரான சியேஸ். அரசமைப்பை மாற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். சட்டப்படி மாற்றப் பல ஆண்டுகள் ஆகும். எனவே ஒரு 'வாள்' தேடினார். முதலில் அவர் மனதில் இருந்தவர் ஜூபேர் என்ற தளபதி. அவர் ஆகஸ்டில் நோவி போரில் இறந்துபோனார். நெப்போலியன் இரண்டாவது தேர்வுதான். காலியிடம் முதலில் உண்டானது, ஆள் அப்புறம்தான் வந்தார்.

புரட்சி நாட்காட்டிப்படி அந்த நாள் ப்ரூமேர் 18, நம் கணக்கில் நவம்பர் 9. தீவிரவாதச் சதி என்று புரளி கிளப்பி, இரண்டு சபைகளையும் பாரிஸுக்கு வெளியே சாங்-க்ளூ அரண்மனைக்கு மாற்றினார்கள். மறுநாள் அவற்றில் ஒன்றான ஐந்நூற்றுவர் சபைக்குள் நெப்போலியன் நுழைந்ததும் உறுப்பினர்கள் 'சட்டவிரோதி' என்று கத்திச் சூழ்ந்துகொண்டார்கள். போர்க்களத்தில் கலங்காதவர் அங்கே தடுமாறிவிட்டார். சிப்பாய்கள் இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். திட்டம் ஏறத்தாழ நாசம்.

காப்பாற்றியது தம்பி லூசியன். அவர்தான் அந்தச் சபையின் தலைவர். வெளியே ஓடிவந்து, கத்தி ஏந்திய சிலர் சபையை மிரட்டுகிறார்கள், மீட்டுக்கொடுங்கள் என்று காவல் வீரர்களிடம் முறையிட்டார். சபைத் தலைவரே கூப்பிட்டால் சிப்பாய்க்கு மனசாட்சிக் குத்தல் இல்லை. மேளம் கொட்டிக்கொண்டு துப்பாக்கிமுனைக் கத்தியோடு உள்ளே போனார்கள். உறுப்பினர்கள் சன்னல் வழியே குதித்து ஓடினார்கள். அன்றிரவு மிஞ்சியவர்களைக் கூட்டி மூன்று பேரைக் கன்சல்களாக நியமித்தார்கள். கன்சல் என்பது பழைய ரோமக் குடியரசின் பதவிப் பெயர். டிசம்பரில் வந்த புதிய அரசமைப்பில் முதல் கன்சல் நெப்போலியன். மற்ற இருவர் ஆலோசனை சொல்லலாம். வாளைப் பயன்படுத்த நினைத்த சியேஸ் ஓரங்கட்டப்பட்டார்.

மக்கள் ஒப்புதல் என்று ஒரு வாக்கெடுப்பும் நடந்தது. ஆம் என்று 30,11,007 பேர், இல்லை என்று 1,562 பேர் என அறிவித்தார்கள். பதிவேடுகளை எண்ணிப் பார்த்த பிற்கால வரலாற்றாய்வு, உண்மையில் ஆம் என்றவர்கள் அதில் ஏறத்தாழப் பாதிதான் என்று காட்டியது. எண்ணிக்கையைக் கூட்டிப்போட்ட உள்துறை அமைச்சர் யார் என்றால், அதே லூசியன்.

மக்கள் ஏன் சும்மா இருந்தார்கள்?

ஏமாற்றினார் என்று மட்டும் சொன்னால் பதினைந்து ஆண்டு ஆட்சியை விளக்க முடியாது. ஒவ்வொரு தரப்புக்கும் அவர் ஒன்று கொடுத்தார்.

1. நிலம் வாங்கியவர்களுக்குப் பாதுகாப்பு. தேவாலய நிலங்களை ஏலத்தில் எடுத்த விவசாயிகளும் நகர்ப்புறப் பணக்காரர்களும் மன்னராட்சி திரும்பினால் நிலம் போய்விடுமே என்று அஞ்சினார்கள். 1801-ல் போப்பாண்டவரோடு செய்த உடன்பாட்டில், அந்த விற்பனையைத் திருச்சபையே ஏற்றுக்கொண்டது. பக்தர்களுக்குக் கோயில் திறந்தது, வாங்கியவனுக்குப் பட்டா உறுதியானது.

2. நம்பகமான பணம். 1800-ல் பிரான்ஸ் வங்கி, 1803-ல் வெள்ளியை அடிப்படையாகக் கொண்ட புதிய பிராங்க். அந்தப் பிராங்கின் மதிப்பு முதல் உலகப்போர் வரை மாறவில்லை.

3. ஒரே சட்டம். 1804 மார்ச்சில் வந்த சிவில் சட்டத் தொகுப்பு 2,281 பிரிவுகள் கொண்டது. பிறப்பால் சலுகை கிடையாது, சொத்துரிமை உறுதி. ஆனால் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் அதே தொகுப்பு எழுதிவைத்தது. புதுச்சேரிக்கும் இந்தச் சட்டம் வந்தது. அங்கே பலர் 19-ஆம் நூற்றாண்டில் தங்கள் சமயச் சட்டத்தைத் துறந்து இதன்கீழ் தங்களைப் பதிந்துகொண்டார்கள்.

4. ஒழுங்கு. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மேலிருந்து நியமிக்கப்பட்ட பிரிஃபெக்ட். ஏறத்தாழ நம் மாவட்ட ஆட்சியர் போல.

விலையும் இருந்தது. பாரிஸில் 73 அரசியல் பத்திரிகைகள் 1800 தொடக்கத்தில் ஒரே ஆணையில் 13 ஆயின. 1811-ல் மிஞ்சியது நான்கு. புரட்சி ஒழித்த அடிமை முறையை 1802-ல் காலனிகளில் மீண்டும் சட்டமாக்கினார். அதை எதிர்த்துப் போராடிய, கரீபியன் கடலில் இருந்த சான்-டொமிங்கே காலனியின் மக்கள் அவர் அனுப்பிய படையைத் தோற்கடித்து, 1804 ஜனவரி முதல் நாள் ஹைட்டி என்ற சுதந்திர நாடானார்கள். ஆட்சிக்கு வந்த பிறகு நெப்போலியனின் முதல் பெருந்தோல்வி ரஷ்யாவில் அல்ல, இங்கேதான். ஐரோப்பிய வரலாறுகள் இதை ஏனோ அவசரமாகக் கடந்துவிடுகின்றன.

1802-ல் ஆயுள் கன்சல், 1804-ல் பேரரசர். ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு வெற்றி அல்லது ஒரு சமாதானம் இருந்தது.

போர் போரையே ஊட்டும் கணக்கு

நெப்போலியன் படையின் வேகத்துக்குக் காரணம் அது சாப்பாட்டு வண்டிகளுக்காகக் காத்திருக்கவில்லை என்பதே. அன்றைய மற்ற படைகள் கிடங்கு அமைத்து, ரொட்டி சுட்டு, வண்டியில் ஏற்றி மெதுவாக நகரும். பிரெஞ்சுப் படை இருபது, முப்பதாயிரம் பேர் கொண்ட 'கோர்' பிரிவுகளாகத் தனித்தனிச் சாலைகளில் பரவிப் போகும், வழியில் உள்ள ஊர்களில் எடுத்துச் சாப்பிடும், சண்டைக்கு மட்டும் ஒன்றுகூடும். 1805-ல் சுமார் 2 லட்சம் பேர் இப்படித்தான் ஆங்கிலக் கால்வாய்க் கரையிலிருந்து டான்யூப் வரை விரைந்தார்கள். டிசம்பர் 2-ல் ஆஸ்டர்லிட்ஸில் ஆஸ்திரிய, ரஷ்யப் படைகளை நொறுக்கினார்கள்.

ஜெயித்த பிறகு தோற்ற நாடு தண்டம் கட்ட வேண்டும், பிரெஞ்சுப் படையைத் தன் மண்ணில் வைத்துச் சோறு போட வேண்டும். 1809-ல் ஆஸ்திரியா மீது மட்டும் 85 மில்லியன் பிராங்க். இப்படி வந்ததற்கென 1810-ல் தனி நிதியே ஏற்படுத்தினார். அது நாடாளுமன்றக் கணக்கில் வராது, பேரரசர் கையில். அதிலிருந்து மார்ஷல்கள் என்ற உயர் தளபதிகளுக்கும் அமைச்சர்களுக்கும் நிலமும் வருமானமும் போயின. உள்நாட்டு நிலவரியை ஏற்றாமல் இருந்ததால் நிலக்காரர்களும் அமைதியாக இருந்தார்கள். வசதியுள்ள வீட்டுப் பையனுக்குப் பதிலாகக் காசு கொடுத்து வேறொருவனைப் பட்டாளத்துக்கு அனுப்பவும் சட்டம் இடம் கொடுத்தது.

இந்தக் கணக்கு ஓட மூன்று நிபந்தனைகள் வேண்டும். போர் சீக்கிரம் முடிய வேண்டும். போகும் நாடு விளைச்சல் உள்ளதாக இருக்க வேண்டும். தோற்றவன் கையெழுத்துப் போட வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் போர் வருமானமாக இல்லாமல் செலவாகிவிடும்.

கணக்கு உடைந்த மூன்று இடங்கள்

கடல். 1805 அக்டோபர் 21-ல் ட்ரஃபால்கர் கடற்போரில் பிரிட்டனிடம் தோற்ற பிறகு பிரிட்டனைப் படையெடுத்துப் பிடிப்பது கனவாகிப்போனது. தோற்கடிக்க முடியாதவனைப் பட்டினி போடலாம் என்று 1806 நவம்பரில் பெர்லினிலிருந்து ஓர் ஆணை போட்டார்: ஐரோப்பாவில் யாரும் பிரிட்டனோடு வியாபாரம் செய்யக் கூடாது. இதற்குக் கண்டத் தடை என்று பெயர். பிரிட்டன் திணறியது உண்மைதான், விழவில்லை. ஐரோப்பாவுக்குச் சர்க்கரையும் காபியும் பருத்தியும் வருவது தடைபட்டது. பிரான்சில் காபியில் சிக்கரி கலக்கும் வழக்கம் பரவியது இந்தத் தட்டுப்பாட்டில்தான். காலை ஃபில்டர் காபி குடிப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். கடத்தல் பெருகியது. 1810 வாக்கில் நெப்போலியனே காசு வாங்கிக்கொண்டு பிரிட்டனோடு வியாபாரம் செய்ய உரிமம் விற்றார். பிரெஞ்சுத் தானியம் பிரிட்டனுக்குக் கப்பலேறியது. தான் மீறுகிற தடையை மற்ற நாடுகள் மதிக்க வேண்டும் என்றால் யார் கேட்பார்கள்? கேட்காத நாட்டுக்குள் படையை அனுப்ப வேண்டியதாயிற்று. அடுத்த இரண்டு விபத்துகளுக்கும் விதை இதுதான்.

ஸ்பெயின். போர்ச்சுகலைத் தடைக்குள் கொண்டுவர 1807-ல் படை போனது. போன வழியில் 1808-ல் ஸ்பெயின் அரச குடும்பத்தையே பதவி இறக்கித் தன் அண்ணன் ஜோசப்பை மன்னராக்கினார். மே 2-ல் மாட்ரிட் மக்கள் எழுந்தார்கள். ஜூலையில் பைலேன் என்ற இடத்தில் ஒரு முழு பிரெஞ்சுப் படையே சரணடைந்தது. இங்கே கையெழுத்துப் போட ஆளே இல்லை: தலைநகரைப் பிடித்தாலும் கிராமம் அடங்கவில்லை. கெரில்லா என்ற ஸ்பானியச் சொல்லுக்குச் 'சிறு போர்' என்று பொருள். அது உலக மொழிகளில் புகுந்தது இந்தப் போரில்தான். வறண்ட பூமியில் பிடுங்கித் தின்ன ஒன்றும் இல்லை. பிரான்சிலிருந்து ஸ்பெயினுக்குப் பணம் அனுப்ப வேண்டிய நிலை வந்தது.

எதிரே வந்து நின்றவர் ஸ்ரீரங்கப்பட்டணத்து வெல்லஸ்லி, பின்னாளில் வெல்லிங்டன் பிரபு. மைசூரிலும் தக்காணத்திலும் வண்டிமாடு இல்லாமல் படை நகராது என்பதைப் பாடமாகப் படித்தவர். மைசூர்க் காளைகளின் அருமை தெரிந்தவர். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் அவர் உணவைப் பிடுங்கவில்லை. முடிந்தவரை காசு கொடுத்து வாங்கினார், கடல்வழியே கொண்டுவந்தார். பிரெஞ்சுப் படை பசித்துக் கலையும்வரை கோட்டைக்குப் பின்னால் காத்திருக்க அவரால் முடிந்தது.

ரஷ்யா. 1810 இறுதியில் ஜார் அலெக்சாண்டர் தடையைக் கைவிட்டார். 1812 ஜூன் 24-ல் நெப்போலியன் நியமென் ஆற்றைக் கடந்தார். மொத்தம் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர். பாதிக்கு மேல் பிரெஞ்சுக்காரர் அல்லாதவர்கள். இந்த முறை வண்டிகளும் கிடங்குகளும் ஏற்பாடு செய்திருந்தார், ஆனால் சாலைகள் தாங்கவில்லை. பச்சைத் தானியத்தைத் தின்ற குதிரைகள் முதல் நாட்களிலேயே ஆயிரக்கணக்கில் செத்தன. ரஷ்யர்கள் நிற்காமல் பின்வாங்கினார்கள். செப்டம்பர் 7-ல் பரதினோவில் பெரும்போர் வந்தபோது அவர் கையில் இருந்தது சுமார் 1,30,000 பேர். காவல் பணிக்கு விட்டுவந்தவர்கள் போக, மற்றவர்களைப் பசியும் டைஃபஸ் காய்ச்சலும் தப்பியோட்டமும் கரைத்திருந்தன. பனி அப்போது விழவே ஆரம்பிக்கவில்லை. குளிர் தோற்கடித்தது என்பது அவருக்குச் சாதகமான கதை. கோடையிலேயே பாதிப் படை போய்விட்டது.

செப்டம்பர் 14-ல் மாஸ்கோ. நகரம் எரிந்தது. ஜார் கையெழுத்துப் போடுவார் என்று ஐந்து வாரம் காத்திருந்தார். போடவில்லை. அக்டோபர் 19-ல் திரும்ப நடக்கத் தொடங்கினார்கள். எல்லைக்குத் திரும்பியவர்கள் சில பத்தாயிரம் பேர். ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான குதிரைகள் போயின. மனிதர்களைவிட அவற்றை மீண்டும் சேர்ப்பதுதான் கடினமாயிற்று.

ஒரு காலை நேரத்து ஆட்சி

படை பின்வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அக்டோபர் 23 அதிகாலை பாரிஸில் ஒரு கூத்து நடந்தது. மனநலக் காப்பகத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்த மாலே என்ற முன்னாள் ஜெனரல் தப்பித்து வந்து, பேரரசர் ரஷ்யாவில் இறந்துவிட்டார் என்று போலி ஆவணம் காட்டினார். சிப்பாய்கள் நம்பிப் பின்னால் போனார்கள். காவல்துறை அமைச்சரையே கைதுசெய்து சிறையில் போட்டார்கள். பாரிஸ் பகுதியின் பிரிஃபெக்ட் புதிய அரசுக்கு அறை ஒழித்துவைத்தார். சில மணி நேரத்தில் குட்டு உடைந்தது, மாலே சுட்டுக்கொல்லப்பட்டார்.

செய்தி கிடைத்தபோது நெப்போலியனைக் குடைந்தது சதி அல்ல. அவருக்கு ஒன்றரை வயதில் ஒரு மகன், பட்டத்து இளவரசன், இருந்தான். தந்தை இறந்தார் என்று கேட்ட ஓர் அதிகாரிக்குக்கூட, அப்படியானால் மகன்தானே பேரரசர் என்று தோன்றவில்லை. முடியும் வாரிசும் சேர்த்தாலும் இது ஒரே ஆளின் ஆட்சிதான் என்பது ஒரு காலைப் பொழுதில் வெளிப்பட்டுவிட்டது. டிசம்பரில் படையை விட்டுவிட்டு அவசரமாகப் பாரிஸ் திரும்பினார். எகிப்திலிருந்து திரும்பியதைப் போலவே.

ஏன் சமாதானத்தை ஏற்கவில்லை?

1813-ல் ஒன்றல்ல, பல வாய்ப்புகள் வந்தன. ஜூனில் ட்ரெஸ்டன் நகரில் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் அவரைச் சந்தித்தார். மெட்டர்னிக்கின் நினைவுக்குறிப்புப்படி நெப்போலியன் சொன்னதன் சாரம் இது: சிம்மாசனத்தில் பிறந்த மன்னர்கள் இருபது முறை தோற்றாலும் தங்கள் தலைநகருக்குத் திரும்பலாம், நான் சிப்பாயாக வளர்ந்தவன், என்னை அஞ்சுவதை நிறுத்தும் நாளில் என் ஆட்சி நிற்காது. எழுதியவர் எதிரி, வார்த்தைக்கு வார்த்தை நம்ப வேண்டியதில்லை. ஆனால் மாலே விவகாரத்தோடு சேர்த்துப் பார்த்தால் கணிப்பு சரிதான். புலிவாலைப் பிடித்தவன் நிலை.

அக்டோபரில் லைப்சிக்கில் தோற்றார். நவம்பரில் ரைன் நதி, ஆல்ப்ஸ் மலை வரையுள்ள எல்லையோடு சமாதானம் என்று பேச்சு வந்தது, இழுத்தடித்தார். பிறகு வந்த பேரங்களில் எல்லை இன்னும் சுருங்கியது.

இப்போது போர் பிரெஞ்சு மண்ணில். பிடுங்கித் தின்ன வேண்டியது சொந்த ஊரிலேயே. வரிகள் ஏறின. மீசை முளைக்காத பையன்களைப் பட்டாளத்துக்கு இழுத்தார்கள்; ஆணையில் அரசி மரி லூயிஸ் கையெழுத்திட்டதால் அவர்களுக்கு 'மரி லூயிஸ்கள்' என்றே பெயர். நிலக்காரர், வங்கிக்காரர், செனட் உறுப்பினர் என்று 1799-ல் அவரைக் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். 1814 மார்ச் இறுதியில் பாரிஸ் சரணடைந்தது. அவரே நியமித்த செனட், அவருடைய முன்னாள் வெளியுறவு அமைச்சர் தாலெய்ரான் முன்னின்று நடத்த, அவரைப் பதவி நீக்கியது. ஃபோன்தென்ப்ளோ அரண்மனையில் மார்ஷல்கள் இனிப் படை நகராது என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஏப்ரல் 6-ல் முடி துறந்தார். சிறிய எல்பா தீவும் ஆண்டுக்கு 20 லட்சம் பிராங்க் உதவித்தொகையும் ஒப்பந்தமாயின.

நூறு நாள், அப்புறம் பில்

மன்னராகத் திரும்பி வந்த பதினெட்டாம் லூயி, தலை வெட்டப்பட்ட மன்னரின் தம்பி, அந்த உதவித்தொகையைக் கொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான அதிகாரிகளை அரைச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பினார். நிலம் வாங்கியவர்கள் மீண்டும் பயந்தார்கள். 1815 மார்ச் முதல் நாள் சுமார் ஆயிரம் பேரோடு நெப்போலியன் தென்கரையில் இறங்கினார். தடுக்க வந்த படைகள் அவர் பக்கம் சாய, மார்ச் 20-ல் பாரிஸில் இருந்தார். ஜூன் 18-ல் வாட்டர்லூவில் வெல்லிங்டனும் ப்ரஷ்யத் தளபதி ப்ளூஹரும் முடித்துவைத்தார்கள். இந்த முறை அட்லாண்டிக் நடுவே செயின்ட் ஹெலினா. அங்கேயே 1821 மே 5-ல், 51 வயதில் இறந்தார்.

பிரான்சுக்கு வந்த பில் 1815 நவம்பர் உடன்படிக்கையில் இருக்கிறது. 700 மில்லியன் பிராங்க் போர்த் தண்டம். 1,50,000 அந்நியப் படையினர் ஐந்தாண்டு வரை பிரெஞ்சு மண்ணில் தங்குவார்கள், அவர்கள் சாப்பாட்டுச் செலவு பிரான்சுடையது. வெளிநாட்டு வங்கிகளில் கடன் வாங்கிக் கட்டி, 1818-ல்தான் அவர்களை வெளியே அனுப்ப முடிந்தது. பிரிட்டிஷார் 1793-ல் பிடித்து வைத்திருந்த புதுச்சேரியும் 1816-ல்தான் பிரான்சிடம் திரும்பியது.

வெனிஸிலிருந்து வந்த நான்கு வெண்கலக் குதிரைகள் பாரிஸில் ஒரு வெற்றி வளைவின் மேல் நின்றுகொண்டிருந்தன. 1815-ல் அவற்றையும் கயிறு கட்டி இறக்கி, வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள்.